ஆளுக்கொரு மாதிரி நிரல் எழுதுவதை நிறுத்தினோம்

இலங்கையில் 2022 யூன் 1ஆம் திகதி வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 8 வீதத்திலிருந்து 12 வீதமானது. அது பழகுமுன்பே செப்டெம்பர் 1இல் 15 வீதம். கடைக்காரருக்கு அது விலைச்சீட்டு மாற்றுகிற அலுவல். அவர்களுடைய பில்லிங் சிஸ்டத்தைப் பராமரிக்கிற எங்களுக்கோ, பல பேர் கைபட்டு வளர்ந்த ஒரு நிரலை அடியிலிருந்து நுனிவரை வாசித்தே ஆகவேண்டிய நிலைமை. ஒரு இடத்தில் 0.08ஆல் பெருக்கியிருந்தது. இன்னொரு இடத்தில் 1.08. வரி சேர்ந்த விலையிலிருந்து வரியைப் பிரித்துக் காட்டுகிற அறிக்கையில் 108ஆல் வகுத்திருந்தது. பிரவுசரில் ஓடுகிற ஜாவாஸ்கிரிப்ட் தன் பாட்டில் ஒரு தனிக்கணக்கு வைத்திருந்தது. 8 என்று தேடினால் எழுத்தின் அளவு, அட்டவணையின் அகலம், பக்க இலக்கம் என்று உலகத்தில் இருக்கிற எல்லா எட்டும் வரிசையில் வந்து நிற்கும்.

தனித்தனியே எடுத்துப் பார்த்தால் அதில் ஒன்றும் பிழையில்லை, எல்லாம் சரியான விடையைத்தான் தந்தது. எழுதியவர்கள் ஆளுக்கொரு மாதிரி யோசித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் பலாலி வீதிப் பக்கம் ஒரு மாடியில் இருக்கிற சின்ன டீம் எங்களுடையது. யாழ். பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்தவர் இருக்கிறார், யூடியூப் பார்த்தே தொழில் பழகியவர் இருக்கிறார், கொழும்பில் பெரிய கொம்பனியில் ஜாவா எழுதிவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவரும் இருக்கிறார். நாங்கள் நிரல் எழுதுகிற மொழி பிஎச்பி. ஜாவாக்காரர் அதை எழுதினாலும் ஜாவா போலத்தான் இருக்கும், ஒரு சின்ன வேலைக்கு நாலு கிளாஸ், அதாவது நாலு தனித்தனிக் கட்டமைப்பு. வேர்ட்பிரஸ்ஸில் தொடங்கியவர் எல்லாவற்றையும் ஒரே ஃபைலுக்குள் போட்டு மேலிருந்து கீழே எழுதிக்கொண்டு போவார். செய்கிற வேலையும் அப்படித்தான் பலவகை: உள்ளூர்க் கடைகளுக்குப் பில்லிங், கோயில்களுக்கு உபய முற்பதிவு, லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கிற எங்கட ஆட்களின் வியாபாரங்களுக்கு இணையத்தளம்.

ஒரு பொது முறை வேண்டும் என்ற எண்ணம் வற் வரியோடு மட்டும் வந்ததில்லை. அதே காலத்தில் டொரன்டோவிலிருந்து ஒரு பழைய அப்ளிகேஷன் திருத்த வேலைக்கு வந்தது. கோல்ட்ஃபியூஷனில் எழுதியது, எங்களில் ஒருவருக்கும் அந்த மொழி தெரியாது. முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்புவோம் என்று நினைத்துத்தான் திறந்தோம். ஆனால் அதை எழுதியவர்கள் ஃபியூஸ்பொக்ஸ் என்ற முறையைப் பிடித்து எழுதியிருந்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் கோல்ட்ஃபியூஷன்காரர்கள் தங்களுக்குள் கதைத்து உருவாக்கிக்கொண்ட முறை அது. பெயர் வீட்டு ஃபியூஸ் பெட்டியிலிருந்து வந்தது. ஒரு அறையின் ஃபியூஸ் எரிந்தால் மற்ற அறையில் லைட் நிற்கக்கூடாது என்ற யோசனை. எல்லாக் கோரிக்கையும் முதலில் ஒரே இண்டெக்ஸ் ஃபைலுக்குத்தான் வரும். யூஆர்எல்லில் ஃபியூஸ்அக்ஷன் என்று ஒன்று இருக்கும், அதில் புள்ளிக்கு முன்னால் பகுதியின் பெயர், புள்ளிக்குப் பின்னால் செய்யவேண்டிய வேலை. ஃபைல் பெயர் டிஎஸ்பி என்று தொடங்கினால் திரையில் காட்டுவது, கியூஆர்வை என்றால் டேட்டாபேஸிடம் கேட்பது, ஏசிடி என்றால் ஏதோ ஒரு செயலைச் செய்வது.

மொழி தெரியாமலேயே, ரசீதில் முகவரியை மாற்ற எந்த ஃபைலைத் திறக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் சொந்தப் பில்லிங் நிரலில், பிஎச்பியைக் கரைத்துக் குடித்தவர்களுக்கே அது தெரியாமல் இருந்தது. ஃபியூஸ்பொக்ஸ் இன்றைக்குப் பழசு, அதைப் பயன்படுத்தச் சொல்லி நான் சொல்லவரவில்லை. ஆனால் எழுதியவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில், ஏன் அவர் தொழிலையே விட்டுப்போன பிறகும், இன்னொருவர் வந்து இடத்தைக் கண்டுபிடிக்க முடிகிறது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தோம்.

சரி, எந்த முறை? சொந்தமாக ஒன்று கண்டுபிடிக்கப் போவதில்லை என்பதை முதலிலேயே முடிவு செய்தோம், ஏனென்றால் சொந்தமாக எழுதத் தொடங்கினால் நெளிவு அடைப்புக்குறி அதே வரியிலா அடுத்த வரியிலா என்ற சண்டையிலேயே ஒரு மாதம் போய்விடும். பிஎச்பி உலகத்தில் 2009இல் பல ஃபிரேம்வேர்க்காரர்கள், அதாவது நிரலுக்கு ஆயத்தமான சட்டகம் செய்கிறவர்கள், சேர்ந்து தொடங்கிய பிஎச்பி-ஃபிக் என்ற குழு இருக்கிறது, அவர்கள் வெளியிடுகிற விதிகளுக்குப் பிஎஸ்ஆர் என்று பெயர். எழுத்து முறைக்கு 2012இல் பிஎஸ்ஆர்-2 வந்தது, 2019இல் அதன் இடத்தைப் பிஎஸ்ஆர்-12 எடுத்தது. உள்தள்ளலுக்கு 4 ஸ்பேஸ், டேப் கூடாது. கிளாஸுக்கும் ஃபங்ஷனுக்கும் திறக்கிற அடைப்பு அடுத்த வரியில், இஃப்புக்கும் ஃபோருக்கும் அதே வரியில். வரி நீளம் 120 எழுத்தைத் தாண்டினால் எச்சரிக்கை வரும், தடை இல்லை. பிஎஸ்ஆர்-4 என்பது ஃபோல்டர் பெயரும் நிரலுக்குள் கிளாஸுக்குக் கொடுக்கிற நேம்ஸ்பேஸ் என்ற முன்பெயரும் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும் என்கிற விதி. எனக்கு இஃப்புக்கு ஒரு மாதிரி, ஃபங்ஷனுக்கு வேறு மாதிரி என்பது இன்றைக்கும் பிடிக்காது. பிடிக்காதென்று சொல்லிவிட்டு அப்படியே எழுதுகிறேன்.

எதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு லாராவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வேர்க்கின் ஃபோல்டர் அமைப்பை மாற்றாமல் எடுத்துக்கொண்டோம். கெட்டிக்காரத்தனமாக அதை மாற்றியமைத்த ஆட்களின் புரொஜெக்ட் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். லாராவெல் தெரிந்த புது ஆள் வந்தாலும் திரும்ப முதலிலிருந்து படிக்கவேண்டும், அப்புறம் லாராவெல் எதற்கு?

இந்த இடத்தில் ஒரு ஊர் விசயம் சொல்லவேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுக்காரர் எழுதுகிற கட்டுரைகளில் இது இருக்காது. மூத்தவரை அண்ணை என்று கூப்பிட்டுப் பழகிய இடத்தில், கம்பஸ் முடித்து வந்த பொடியன் அண்ணையின் நிரலை ரிவியூ செய்து, அதாவது சேர்க்குமுன் வாசித்துப் பார்த்து, 'இது பிழை' என்று எழுதமாட்டான். எழுதினாலும் 'அண்ணை, இதைக் கொஞ்சம் மாத்தினா நல்லாயிருக்குமோ தெரியேல்ல' என்றுதான் வரும். அண்ணை 'பாப்பம் தம்பி' என்பார், அலுவல் முடிந்தது. மறுபக்கம், அண்ணை தம்பியின் நிரலில் ஸ்பேஸ் போதாது, பெயர் சரியில்லை, வரி நீளம் என்று வரிக்கு வரி குறிப்பு எழுதினால், அடுத்த நாள் அந்தப் பிள்ளை வாயே திறக்காது. இரண்டுமே வேலைக்கு உதவாது. பிள்ளைகளைத் தைரியமாகக் கதைக்கச் சொல்லிக் கூட்டம் வைத்தும் பார்த்தோம், கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள்.

அந்த நிலைமையை மாற்றியது ஃபோர்மாட்டர், நிரலின் தோற்றத்தைத் தானாக ஒழுங்குபடுத்துகிற கருவி. பிஎச்பி சிஎஸ் ஃபிக்சர் என்ற கருவியைக் கமிட் பண்ணுகிற, அதாவது செய்த மாற்றத்தைப் பதிகிற, நேரத்தில் தானாக ஓடும்படி வைத்தோம், யாராவது அதைத் தவிர்த்துவிட்டுச் சேர்வருக்குத் தள்ளினாலும் அங்கே திரும்ப ஒரு சோதனை நடந்து சிவப்புக் காட்டும். மெஷினுக்கு மூப்பு இளமை தெரியாது, அது அண்ணையின் ஃபைலையும் கேட்டுக் கேள்வி இல்லாமல் திருத்திவிடும், யாருக்கும் முகம் சுருங்காது. இதன் விளைவு நாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பெரிது: ரிவியூவில் ஸ்பேஸ் பற்றிக் கதைக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போனதால், வேறு ஏதாவது கதைக்கவேண்டி வந்தது. 'இந்த ரசீதின் ஐடியை யூஆர்எல்லில் மாற்றினால் வேறு கடைக்காரரின் ரசீது திறக்குமா?' என்று எங்கள் டீமிலேயே ஆக இளைய பிள்ளை ஒரு நாள் கேட்டாள். திறந்தது. அன்றைக்கு முழுக்க எல்லாரும் அந்த வேலையில்தான் இருந்தோம்.

அதனால் யாராவது கேட்டால் நான் சொல்வது, விதிகளை எழுதுமுன் கருவியைப் போடுங்கள் என்றுதான். கருவியால் பார்க்க முடிகிற விதியை ஆவணத்தில் எழுதவே வேண்டாம், கருவியின் செட்டிங் ஃபைலே ஆவணம்.

பழைய நிரலை என்ன செய்வது என்பது அடுத்த தலையிடி. முழுக்கத் திரும்ப எழுதலாம் என்று ஒரு கட்சி எப்போதும் இருக்கும், அந்தக் கட்சிக்கு ஒருபோதும் வாக்குப் போடாதீர்கள். கடைகள் தினமும் பில் அடிக்கிற சிஸ்டம் அது. நாங்கள் தோற்றத்தையும் நடத்தையையும் பிரித்தோம். தோற்றத்தை, அதாவது ஸ்பேஸ், அடைப்பு, வரிமுறிவு இவற்றை, ஃபோர்மாட்டரைக் கொண்டு ஒரே கமிட்டில் முழு நிரலுக்கும் மாற்றினோம். அந்தக் கமிட்டில் வேறு ஒரு எழுத்துக்கூட மாறக்கூடாது. அதற்கு முன்பு திறந்திருந்த பிராஞ்ச், அதாவது தனியே நடந்துகொண்டிருந்த வேலைப் பிரதிகள், எல்லாவற்றையும் மெர்ஜ் செய்து ஒன்றாக்கி முடிக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியிலும் முரண்பாடு வரும். ஞாயிற்றுக்கிழமை செய்தோம்.

இப்படிச் செய்தால் ஒரு நட்டம் உண்டு: எந்த வரியை யார் எப்போது எழுதினார் என்று, மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கிற கிட் என்ற கருவியில் பார்த்தால் எல்லா வரிக்கும் ஃபோர்மாட்டரை ஓடவிட்டவரின் பெயர்தான் வரும். 2019இல் வந்த கிட் 2.23இலிருந்து, குறிப்பிட்ட கமிட்களைப் பொருட்படுத்தாதே என்று ஒரு ஃபைலில் எழுதிக் கொடுக்கலாம். அந்தப் பெரிய கமிட்டின் அடையாளத்தை அந்த ஃபைலில் போட்டுவிட்டால் பழைய வரலாறு திரும்பத் தெரியும். இதை அறியாமல் வரலாறு போய்விடும் என்று பயந்து ஃபோர்மாட் பண்ணாமலே இருக்கிற டீம்கள் உண்டு. இன்னொன்று, எங்களில் பாதிப்பேர் விண்டோஸ், சேர்வர் லினக்ஸ். வரிமுடிவுக் குறி இரண்டிலும் வேறு. அதைக் கிட் அட்ரிபியூட்ஸ் ஃபைலில் முதலிலேயே கட்டிவைக்காவிட்டால், ஒரு எழுத்து மாற்றியவரின் கமிட்டில் முழு ஃபைலும் மாறியதாகக் காட்டும்.

நடத்தையை மாற்றுவதற்கு அவசரப்படவில்லை. ஒரு ஃபைலை வேறு வேலைக்காகத் தொடும்போது, தொட்ட ஃபங்ஷனை மட்டும் புது முறைக்குக் கொண்டுவருவது, தொடாததை அப்படியே விடுவது. பிஎச்பிஸ்டான் என்ற கருவி நிரலை ஓடவிடாமலே வாசித்துப் பிழை சொல்லும். முதல் தடவை ஓடவிட்டால் பழைய நிரலில் இருந்து கொட்டுகிற பட்டியலைப் பார்த்து மனம் விட்டுப்போகும். ஆனால் அதில் பேஸ்லைன் என்று ஒரு வசதி உண்டு: இன்றுவரை இருக்கிற பிழைகளை ஒரு ஃபைலில் பதிந்துவைத்துவிட்டு, இனிப் புதிதாக வருவதற்கு மட்டும் குரல் கொடுக்கச் சொல்லலாம். பழைய கடனை வட்டியில்லாமல் ஆறுதலாக அடைக்கிற மாதிரி.

சின்னச் சின்னக் கமிட் என்ற விதி மட்டும் எங்களுக்கு எழுதாமலே வந்துவிட்டது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவித்த காலம் ஞாபகம் இருக்கும். லப்டொப் பட்டரி இரண்டு மணித்தியாலம், ரவுட்டர் கரண்ட் போனதும் செத்துவிடும், டீசல் இல்லாததால் ஜெனரேட்டரும் இல்லை. பின்னேரம்வரை வேலை செய்துவிட்டு ஒரேயடியாகத் தள்ளலாம் என்று நினைத்தவரின் வேலை அவரோடேயே கோண்டாவிலில் நின்றுவிடும், இங்கே இருக்கிறவர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் ஒரு துண்டு வேலை முடிந்ததும் தள்ளுவது என்று பழகினோம். கரண்ட் ஒழுங்காக வந்த பிறகும் அதை விடவில்லை, ரிவியூ செய்யவும் அதுதான் லேசு.

இதுவரை சொன்னதெல்லாம் உலகத்தில் எந்த டீமுக்கும் பொது. எங்களுக்கு உண்மையில் நேரம் மிச்சம் பிடித்துத் தந்தது, பிஎஸ்ஆரில் இல்லாத, எங்கள் நாட்டுக்கும் எங்கள் மொழிக்கும் உரிய விசயங்களை ஒரே இடத்தில் எழுதிவைத்ததுதான். இதை யாரும் அமெரிக்காவிலிருந்து எழுதித் தரமாட்டார்கள்.

முதலில் வரி. வரி வீதம் நிரலுக்குள் எண்ணாக எங்கும் இருக்கக்கூடாது, டேட்டாபேஸில் ஒரு அட்டவணையில் வீதமும் அது நடைமுறைக்கு வருகிற திகதியும் இருக்கவேண்டும், கணக்கு முழுவதும் ஒரே கிளாஸ் வழியாகப் போகவேண்டும். திகதி ஏன் என்றால், 2022 ஓகஸ்டில் போட்ட பில்லை இன்றைக்குத் திரும்ப அச்சிட்டால் அதில் 12 வீதம்தான் வரவேண்டும். செட்டிங்கில் ஒரே ஒரு எண்ணை வைத்து அதை மாற்றிக்கொண்டு போகிற சிஸ்டம்களில் பழைய பில் எல்லாம் புது வரியோடு அச்சாகும், கணக்காளர் தலையில் கை வைப்பார். 2024 சனவரி 1இல் வரி 18 ஆனபோது நாங்கள் டிசம்பரிலேயே ஒரு வரிசையைச் சேர்த்துவிட்டு விட்டோம். பிரவுசர் பக்கம் கணக்குப் போடுவதையும் நிறுத்தி, சேர்வரிடம் கேட்டு வாங்கிக் காட்டச் செய்திருந்தோம்.

கூடவே சதக் கணக்கு. பணத்தை மிதவைப் புள்ளியில், அதாவது தசமத்தை அண்ணளவாக வைக்கிற எண் வகையில், வைக்காதே என்று எல்லாப் புத்தகமும் சொல்லும், நாங்களும் சதமாக முழு எண்ணில்தான் வைக்கிறோம். ஆனால் எப்போது கிட்டிய சதத்துக்கு முழுமையாக்குவது என்பதை முடிவு செய்துவைக்காவிட்டால் அதுவும் காணாது. 1010.25 ரூபாய்ப் பொருள் மூன்று வாங்கினால், ஒவ்வொன்றுக்கும் 18 வீதம் போட்டு முழுமையாக்கிக் கூட்டினால் வரி 545.55, மொத்தத்துக்கு ஒரேயடியாகப் போட்டால் 545.54. ஒரு சதம்தான். பில் ஒரு மாதிரியும் மாத அறிக்கை இன்னொரு மாதிரியும் எழுதப்பட்டிருந்தால், மாதக் கடைசியில் அந்த ஒரு சதங்கள் சேர்ந்து ஒரு தொகையாகி, அது எங்கிருந்து வந்தது என்று தேட ஒரு முழு நாள் போகும். எந்த முறை என்பதைக் கடையின் கணக்காளரிடம் கேட்டு எழுதிவையுங்கள், நிரல் எழுதுபவர் தீர்மானிக்கிற விசயம் இல்லை இது.

அடுத்தது அடையாள அட்டை இலக்கம். பழையது ஒன்பது இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும், வி அல்லது எக்ஸ். 2016 முதல் 12 இலக்கம். இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன, ஒரே ஆள் ஒரு நாள் பழையதையும் இன்னொரு நாள் புதியதையும் தருவார், சிஸ்டத்தில் இரண்டு ஆளாகிவிடுவார். நாங்கள் எல்லாவற்றையும் 12 இலக்கமாக்கித்தான் சேமிக்கிறோம்: முன்னால் 19, முதல் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியம், கடைசி எழுத்தை விட்டுவிடுவது. அவர் தந்த வடிவத்தையும் பக்கத்தில் வைத்திருக்கிறோம், ஏனென்றால் அச்சிடும்போது அட்டையில் இருக்கிறபடிதான் வேண்டும் என்பார்கள். பிறந்த திகதியை இலக்கத்திலிருந்து எடுப்பதில் ஒரு பொறி உண்டு. வருடத்துக்குப் பிறகு வருகிற மூன்று இலக்கம் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். இதுவரை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த எண்ணிக்கையில் பெப்ரவரிக்கு எல்லா வருடமும் 29 நாள். பிஎச்பியின் சாதாரணத் திகதி ஃபங்ஷனைக் கொடுத்தால், லீப் இல்லாத வருடத்தில் மார்ச் 1 முதல் பிறந்த எல்லாருக்கும் ஒரு நாள் பிசகும். எந்த வருடத்தவருக்கும் லீப் வருட நாட்காட்டியை வைத்துத்தான் மாதமும் நாளும் எடுக்கவேண்டும். இந்தச் சோதனை முன்பு படிவத்துக்குப் படிவம் வேறு வேறாக எழுதப்பட்டிருந்தது, இப்போது ஒரு கிளாஸ், அதற்கு மட்டும் கணக்கச் சோதனைகள் எழுதியிருக்கிறோம்.

பெயர். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்த படிவத்தை எங்கட சனத்திடம் கொடுத்துப் பாருங்கள். அப்பாவின் பெயரை எங்கே போடுவது, முதலெழுத்தை எங்கே போடுவது என்று ஆளுக்கொரு விதமாக நிரப்புவார்கள், வெளிநாட்டில் இருக்கிறவருக்குக் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகப் போயிருக்கும், அண்ணனும் தம்பியும் வேறு வேறு விதமாகப் பதிந்திருப்பார்கள். முழுப்பெயர் என்று ஒரே பெட்டி, ரசீதில் எப்படி வரவேண்டும் என்று இன்னொரு பெட்டி, அவ்வளவுதான். கோயில் சிஸ்டத்தில் நட்சத்திரம் தட்டச்சு செய்கிற பெட்டியாக இருக்கக்கூடாது, 27இல் ஒன்றைத் தெரிவு செய்வதாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் உத்தரம், உத்திரம் என்று இரண்டு வரும். தொலைபேசி இலக்கம் நாட்டுக் குறியீட்டோடுதான் சேமிப்பு. 021 என்று தொடங்குகிற இலக்கத்தைப் பார்த்து இங்கே எல்லாருக்கும் யாழ்ப்பாணம் என்று தெரியும், நோர்வேயில் இருக்கிற உபயகாரருக்குச் செய்தி அனுப்புகிற சிஸ்டத்துக்குத் தெரியாது.

தமிழ் எழுத்துக்குத்தான் ஆக நீளமான பகுதி. பழைய தரவு கோயில்களிலிருந்தும் அச்சகங்களிலிருந்தும் வரும்போது பாதி பாமினியில் இருக்கும், அந்த எழுத்துருவை எடுத்துவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. உள்ளே வருகிற வாசலிலேயே எல்லாக் கொம்பியூட்டருக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றிவிடவேண்டும், டேட்டாபேஸுக்குள் பாமினி போகவே கூடாது. அடுத்து, யூனிகோடாக இருந்தாலும் ஒரே மாதிரித் தெரிகிற எழுத்து ஒரே மாதிரி இருக்காது. கொக்குவில் என்று தேடினால் பாதிப்பேர் வரவில்லை என்று ஒரு முறைப்பாடு வந்தது. 'கொ'வை ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் இல்லை, கொம்பியூட்டருக்கு இரண்டும் வேறு சொல். சேமிக்குமுன்னும் தேடுமுன்னும் என்எஃப்சி என்ற, இரண்டையும் ஒரே குறியீடாக்குகிற வடிவத்துக்கு மாற்றுவது இப்போது விதி, பிஎச்பியில் அதற்கு நோர்மலைசர் தயாராக இருக்கிறது.

எழுத்தை எண்ணுவதும் அப்படித்தான். 'செய்யப்பட்டது' என்பதில் நாங்கள் எண்ணினால் எட்டு எழுத்து, யூனிகோட் குறியீடாக 13, பைட்டாக 39. பிஎச்பியின் சாதாரண நீள ஃபங்ஷன் 39 என்று சொல்லும், அதை வைத்துப் பெயரை வெட்டினால் கடைசி எழுத்து கறுப்பு வைரமும் கேள்விக்குறியுமாக அச்சாகும். குறுஞ்செய்தியில் இது காசு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழ் வந்ததும் 70 குறியீடு, அதைத் தாண்டினால் துண்டுக்கு 67. ஒரு கோயிலிலிருந்து உபயகாரருக்கு அனுப்பிய 'தங்கள் உபயம் பதிவு செய்யப்பட்டது' என்று தொடங்குகிற நீளமான மரியாதையான செய்தி மூன்று செய்தியின் கட்டணத்தில் போய்க்கொண்டிருந்தது. இப்போது செய்தி வார்ப்புருவைச் சேமிக்கிற திரையிலேயே எத்தனை துண்டு என்று காட்டுகிறோம். தர்மகர்த்தா சபை கூடி 'தங்கள்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள்.

விட்டுவிட்ட விதிகளும் உண்டு. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மேலே விளக்கக் குறிப்பு எழுதவேண்டும் என்று வைத்திருந்தோம். 'பெயரை எடு' என்ற ஃபங்ஷனுக்கு மேலே 'இது பெயரை எடுக்கும்' என்று வரத் தொடங்கியதும் எடுத்துவிட்டோம். கமிட் செய்திக்கு ஒரு வடிவம் வைத்தோம், அவசர நேரத்தில் யாரும் பின்பற்றவில்லை, அதுவும் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் சோதனை எழுதவேண்டும் என்பதை நான் தொடக்கத்திலேயே எதிர்த்தேன், வரி, அடையாள அட்டை, தமிழ் எழுத்து, யாருக்கு எதைப் பார்க்க அனுமதி என்கிற நாலுக்கும் கட்டாயம், மற்றது நேரம் இருந்தால். இதில் என்னோடு உடன்படாதவர்கள் டீமிலேயே இருக்கிறார்கள்.

வாடிக்கையாளர் இதற்குக் காசு தரமாட்டார் என்பதையும் சொல்லிவிடவேண்டும். 'தம்பி, உள்ளுக்குள்ள என்ன செய்யிறியள் எண்டது எனக்குத் தேவையில்லை, எப்ப முடியும்?' என்பார், அவர் கேட்பது நியாயம். அதனால் ஒழுங்குபடுத்துகிற வேலை என்று ஒரு தனி வரியை மதிப்பீட்டில் போடாதீர்கள், முதலில் வெட்டப்படுவது அதுதான். செய்கிற வேலையின் நேரத்துக்குள்ளேயே அது போகவேண்டும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயில், கடை எல்லாரும் ஒரே நேரத்தில் அவசரப்படுவார்கள், அந்த வாரங்களில் புது விதி எதையும் நாங்கள் கொண்டுவருவதில்லை, ஃபோர்மாட்டரின் புதுப் பதிப்பைக்கூடப் போடுவதில்லை.

புதிதாக வருகிற ஆளுக்குக் கொடுக்கிற ஆவணம் இப்போது அச்சிட்டால் இரண்டு பக்கம் வரும், அதில் முக்கால்வாசி மேலே சொன்ன உள்ளூர் விசயங்கள். பிஎச்பி பக்கம் ஓரளவு சரி. ஜாவாஸ்கிரிப்ட் பக்கம்தான் இன்னும் சந்தை. ஜேகுவெரி, வியூ என்ற இரண்டு ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள், ஃபிரேம்வேர்க் இல்லாத வெறும் நிரல் மூன்றும் ஒரே திரையில் ஓடுகிற இடங்கள் இருக்கின்றன. பிரெட்டியர் என்ற ஃபோர்மாட்டரைப் போட்டுத் தோற்றத்தைச் சரி செய்தாயிற்று. மூன்றில் எதை வைத்துக்கொள்வது என்று வெள்ளிக்கிழமைதோறும் கதைக்கிறோம், இன்னும் ஒரு முடிவுக்கும் வரவில்லை.